வெட்டுக்கிளிக்குப் பெயர் சொல்வது யார்?

2020ஆம் ஆண்டு மே மாத இறுதியில், தமிழகத்தின் கிருஷ்ணகிரி மாவட்டத்திலுள்ள நேரலகிரி கிராமத்தில் எருக்கஞ்செடிகளை வெட்டுக்கிளிகள் கூட்டமாக மொய்த்திருந்ததைக் கண்டு அப்பகுதி விவசாயிகள் அச்சமடைந்தனர்.

அச்சத்துக்குக் காரணம் இருந்தது. அதே வாரங்களில்தான் பாலைவன வெட்டுக்கிளிகளின் படையெடுப்பு ராஜஸ்தானைத் தாண்டி மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களுக்கும் பரவியிருந்தது. கொரோனா ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்த மக்கள், வானத்தை மறைக்கும் பூச்சிக் கூட்டங்களைத் தொலைக்காட்சியில் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தனர்.

ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறிய கூட்டம்கூட, ஏறத்தாழ 35,000 மனிதர்கள் ஒரு நாளில் உண்ணும் அளவுக்குப் பயிரைத் தின்றுவிடும் என்பது ஐக்கிய நாடுகள் உணவு, விவசாய நிறுவனத்தின் கணக்கு. காற்று துணை செய்தால் அக்கூட்டம் ஒரே நாளில் 150 கிலோமீட்டர் வரை கடக்கும்.

கிருஷ்ணகிரியில் காணப்பட்டவை பாலைவன வெட்டுக்கிளிகள் அல்ல என்றும், எருக்கிலையைத் தின்று வாழும் உள்ளூர் வகையே என்றும் வேளாண் துறையினர் விளக்கமளித்தனர். அத்துடன் செய்தி மறக்கப்பட்டது.

ஆனால் அச்செய்திக்குள் இருந்த கேள்வி சிறியதன்று. ஒரு பூச்சியைப் பார்த்து 'இது இன்னது' என்று உறுதியாகச் சொல்வது எதன் அடிப்படையில்? உள்ளூர்ப் பூச்சியைப் படையெடுப்பாளன் என்று கருதினால், தேவையற்ற இடத்தில் நஞ்சு தெளிக்கப்படும். படையெடுப்பாளனை உள்ளூர்ப் பூச்சி என்று கருதினால், தெளிக்கவேண்டிய காலம் கைநழுவிப் போகும். இருவகைப் பிழைக்கும் விலை கொடுப்பவர் விவசாயிதான்.

இந்தக் கேள்வியின் வழியே பின்னோக்கிச் சென்றால், தமிழர்கள் வேறு காரணங்களுக்காக அறிந்திருக்கும் ஓர் ஊருக்கு வந்து சேர்கிறோம். அது ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில், ஸாலே ஆற்றங்கரையில் உள்ள ஹாலே. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவுக்குப் பின்னால் நின்ற நகரம். தமிழ் அச்சு வரலாற்றில் தவறாமல் இடம்பெறும் நகரம். பூச்சிகளின் வரலாற்றில் அதற்குள்ள பங்கு நம்மிடையே அதிகம் பேசப்பட்டதில்லை.

ஒரு சொல், பல பூச்சிகள்

தமிழில் வெட்டுக்கிளி என்கிறோம். தத்துக்கிளி என்றும் சொல்கிறோம். யாழ்ப்பாணத்தில் தத்துவெட்டி என்பார்கள். விட்டில் என்ற பழஞ்சொல் சில இடங்களில் வெட்டுக்கிளியையும், சில இடங்களில் விளக்கில் விழும் பூச்சியையும் குறிக்கும். புல்லில் இருக்கும் பச்சை நிறப் பூச்சிக்குப் பச்சைக்குதிரை என்ற பெயரும் உண்டு.

ஜெர்மானியர்களும் இதே பாதையில்தான் சிந்தித்திருக்கிறார்கள். ஹாலேயின் தோட்டங்களில் கோடையில் காணப்படும் பெரிய பச்சைப் பூச்சிக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஹொய்ஃபெர்ட்', அதாவது வைக்கோல் குதிரை. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் ஒரே பூச்சியின் முகத்தில் குதிரையைக் கண்டிருக்கின்றன.

எனினும் மக்கள் வழக்கிலுள்ள பெயர்கள் பயன்பாட்டுக்கானவை, பாகுபாட்டுக்கானவை அல்ல. விலங்கியலாளர்கள் இப்பூச்சிகள் அனைத்தையும் 'ஆர்த்தாப்டெரா' என்ற ஒரே வரிசையில் வைத்து, முதலில் இரண்டாகப் பிரிக்கிறார்கள். பிரிப்பதற்கான அடையாளத்தை யாரும் வெறுங்கண்ணால் காணலாம். அது தலையிலுள்ள உணர்கொம்பு.

உணர்கொம்பு உடலைவிட நீண்டு, நூல்போல் மெலிந்திருந்தால், அது சுவர்க்கோழியும் பச்சைக்குதிரையும் அடங்கிய பிரிவு. அவற்றின் பெண்பூச்சிக்கு வால்புறத்தில் வாள் அல்லது ஊசி போன்ற முட்டையிடும் உறுப்பு நீண்டிருக்கும். ஆண்பூச்சி இறகோடு இறகை உரசி ஒலியெழுப்பும். அவற்றின் காது, முன்னங்காலில் இருக்கிறது.

உணர்கொம்பு குட்டையாகவும் தடிப்பாகவும் இருந்தால், அது நாம் வழக்கமாக வெட்டுக்கிளி என்று சொல்லும் பிரிவு. இவற்றின் காது வயிற்றின் முதல் கண்டத்தில் உள்ளது. ஒலியெழுப்புபவை பெரும்பாலும் பின்தொடையை முன்னிறகில் தேய்த்து ஒலியெழுப்புகின்றன. வயலை அழிக்கும் பெருங்கூட்டங்கள் இந்தப் பிரிவிலிருந்தே வருகின்றன. கிருஷ்ணகிரியில் ஒன்றுக்கொன்று மாற்றாகக் கருதப்பட்ட இரு பூச்சிகளும் இப்பிரிவைச் சேர்ந்தவையே.

அந்த இரண்டையும் அருகருகே வைத்தால், குழப்பம் ஏற்பட்டதே வியப்பாகத் தோன்றும். எருக்கில் வாழும் வெட்டுக்கிளி, மஞ்சளும் நீலமும் கலந்த பட்டைகளுடன் வர்ணம் தீட்டியதுபோல் இருக்கும். பின்னிறகு வெளிர் சிவப்பு. அதன் இளம்பூச்சியைச் சீண்டினால் உடலிலிருந்து கசப்பான நீரைப் பீய்ச்சும். எருக்கம்பாலின் நஞ்சு அதற்குக் கவசம். பாலைவன வெட்டுக்கிளியோ, கூட்டமாகத் திரியும்போது இளமையில் இளஞ்சிவப்பாகவும், இனப்பெருக்கப் பருவத்தில் மஞ்சளாகவும் இருக்கும். அதன் பின்னிறகில் சிவப்பு இல்லை.

ஆனால் தொலைக்காட்சியில் பார்த்த கூட்டம் மனதில் பதிந்திருக்கும்போது, எதிரில் இருக்கும் பூச்சியின் பின்னிறகை யாரும் விரித்துப் பார்ப்பதில்லை.

1775: ஒரே ஆண்டில் இரு பெயர்கள்

இவ்விரு பூச்சிகளின் அறிவியல் பெயர்களை முழுமையாக எழுதினால், ஒன்று 'பொய்க்கிலோசெரஸ் பிக்டஸ் (ஃபாப்ரிசியஸ், 1775)'. மற்றது 'ஷிஸ்டோசெர்கா கிரிகேரியா (ஃபோர்ஸ்கோல், 1775)'.

பெயருக்குப் பின்னால் வரும் ஆளும் ஆண்டும், அவ்வினத்தை முதன்முதலில் முறைப்படி விவரித்தவரையும் காலத்தையும் சுட்டுகின்றன. அடைப்புக்குறிக்கும் ஒரு பொருள் உண்டு. முதலில் பெயரிட்டவர் அதனை வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார், பின்வந்தவர்கள் இடம் மாற்றினார்கள் என்பதே அதன் பொருள். அக்காலத்தில் இவ்விரண்டும் 'கிரில்லஸ்' என்ற ஒரே பேரினத்துக்குள் அடைபட்டிருந்தன.

கிருஷ்ணகிரியில் குழப்பத்துக்குள்ளான இரு பூச்சிகளும் ஒரே ஆண்டில் பெயர் பெற்றவை என்பது தற்செயல். பெயரிட்ட இருவரும் சுவீடன் நாட்டு லின்னேயஸின் மாணவர்கள் என்பது தற்செயலன்று. உயிரினங்களுக்கு இருசொற்பெயர் இடும் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸ், தம் மாணவர்களை உலகின் பல மூலைகளுக்கும் அனுப்பிவைத்தார். ஐரோப்பிய வணிகக் கப்பல்கள் சென்ற இடமெல்லாம் அவர்களும் சென்றனர்.

பீட்டர் ஃபோர்ஸ்கோல் சென்றது அரேபியாவுக்கு. டென்மார்க் மன்னரின் ஆதரவில் 1761இல் புறப்பட்ட அந்தப் பயணக்குழுவின் யோசனை, ஹாலேயில் பிறந்து அங்கேயே பயின்று, பின்னர் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியரான யோகான் டேவிட் மிக்கேலிஸ் என்ற மொழியறிஞருடையது. தொடக்கத்தில் தீட்டப்பட்ட திட்டத்தில், டென்மார்க்கின் வசமிருந்த தரங்கம்பாடியின் வழியாக அரேபியா செல்வதாகவே இருந்தது. பின்னர் எகிப்து வழி தேர்ந்தெடுக்கப்பட்டது.

மிக்கேலிஸ் அக்குழுவிடம் ஒரு வினாத்தொகுப்பைக் கொடுத்தனுப்பினார். விவிலியத்தில் பெயர் சொல்லப்பட்டிருக்கும் விலங்குகளும் செடிகளும் உண்மையில் எவை என்பதை அறிவது அதன் நோக்கங்களில் ஒன்று. வெட்டுக்கிளிகளும் அதில் இடம்பெற்றன. உண்ணத்தக்கவை என்று பழைய ஏற்பாடு கூறும் வெட்டுக்கிளி வகைகள் எவை என்பது அக்கால அறிஞர்களைத் தொல்லைப்படுத்திய கேள்வி. பழைய தமிழ் விவிலியத்தைப் புரட்டினாலும் அத்தொல்லையின் தடயத்தைக் காணலாம். சோலையாம், அர்கொல், ஆகாபு என்ற எபிரேயச் சொற்களை அப்படியே விட்டு, பக்கத்தில் 'கிளி' என்ற சொல்லை மட்டும் சேர்த்திருக்கிறார்கள். எந்தப் பூச்சி என்று தெரியாதபோது நேர்மையான மொழிபெயர்ப்பாளர் வேறு என்ன செய்ய இயலும்?

ஃபோர்ஸ்கோல் 1763இல் ஏமன் நாட்டில் நோயுற்று இறந்தார். குழுவில் உயிருடன் திரும்பியவர் கார்ஸ்டன் நீபூர் ஒருவரே. இறந்த நண்பரின் குறிப்புகளை அவர் 1775இல் நூலாக வெளியிட்டார். இன்று உலக நாடுகள் கூடி அஞ்சும் பூச்சியின் பெயர், அந்த நூலிலிருந்து வந்தது.

தரங்கம்பாடியிலிருந்து சென்ற பெட்டிகள்

ஃபாப்ரிசியஸ் டென்மார்க்கில் பிறந்து, கீல் நகரில் பேராசிரியராக இருந்தவர். இந்தியாவுக்கு வந்ததில்லை. இந்தியாதான் பெட்டிகளில் அடைபட்டு அவரை நாடிச் சென்றது. அவருடைய நூல்களில் பூச்சிகளின் வாழிடமாகத் தரங்கம்பாடி திரும்பத்திரும்பக் குறிக்கப்படுகிறது.

அனுப்பியவர்களில் முதன்மையானவர் யோகான் கெர்ஹார்ட் கோனிக். இவரும் லின்னேயஸின் மாணவர். 1768இல் தரங்கம்பாடி மிஷனின் மருத்துவராக வந்து, பின்னர் ஆற்காட்டு நவாபிடமும், அதன்பின் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் பணியாற்றினார். கறையான்களைப் பற்றி 1779இல் அவர் எழுதிய கட்டுரை, அப்பூச்சிகளைப் பற்றிய முதல் அறிவியல் கட்டுரைகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. 1785இல் ஆந்திரக் கடற்கரையில் காலமானார்.

ஹாலேயுடன் நேரடித் தொடர்பில் இருந்தவர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். 1771இல் தரங்கம்பாடிக்கு வந்த இவர், 1813இல் அங்கேயே இறக்கும்வரை மதப்பணியோடு மீன், பாம்பு, சிப்பி, பூச்சி என்று சேகரித்துக்கொண்டே இருந்தார். கத்தாழை மீன்களின் ஒரு பேரினத்துக்கு 'ஜானியஸ்' என்றும், இருதலைப் பாம்பு என்று நாம் சொல்லும் மண்ணுளிப் பாம்புக்கு 'எரிக்ஸ் ஜானியை' என்றும் இவர் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. மண்ணுளிப் பாம்பைப் பிடித்துக் கொடுத்தவரின் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை.

இதில் புதுமை ஏதும் இல்லை என்பார்கள். உண்மைதான். ஆயினும் அரசியல் விஞ்ஞானம் பயின்ற ஒருவருக்கு இந்தப் பெயர்ப்பட்டியல் ஒரு நில ஆவணத்தைப் போலத் தோன்றுவதைத் தவிர்க்க முடியாது. உழுதவர் பெயர் ஒன்று, பட்டாவில் உள்ள பெயர் வேறொன்று.

ஹாலேயில் அக்காலப் பெட்டிகள் சென்றடைந்த இடங்களுள் ஒன்று, ஃபிராங்கே அறநிறுவனத்தின் அனாதை இல்லம். அதன் மேல்மாடியில் 1698 முதல் சேர்க்கப்பட்ட இயற்கை, கலைப் பொருட்களின் கூடம் இன்றும் இருக்கிறது. காட்ஃப்ரீட் ஆகுஸ்ட் கிரூண்ட்லர் என்ற ஓவியர் 1736க்கும் 1741க்கும் இடையே வடிவமைத்த அதே அலமாரிகளில், ஏறத்தாழ 3,000 பொருட்கள் வைக்கப்பட்டுள்ளன. லின்னேயஸின் புகழ்பெற்ற நூலான 'சிஸ்டெமா நாச்சுரே' 1740இல் இலத்தீன், ஜெர்மன் ஆகிய இரு மொழிகளிலும் அச்சானது இந்நகரில்தான்.

இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பூச்சியுடல்கள் தப்பிப் பிழைப்பது அரிது. காய்ந்த பூச்சியைத் தின்னும் சிறு வண்டுகளே அருங்காட்சியகங்களின் தீராத பகை. ஃபாப்ரிசியஸ் கண்ட பூச்சிகளில் எஞ்சியவை பெரும்பாலும் கோப்பன்ஹேகனிலும் லண்டனிலும் பாதுகாக்கப்படுகின்றன.

ஹாலேயின் சொந்தப் பங்களிப்பு அடுத்த நூற்றாண்டில் வந்தது. 1837இல் இங்குள்ள பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியரான ஹெர்மன் பர்மைஸ்டர், மறு ஆண்டே தமது பூச்சியியல் கையேட்டின் ஒரு பகுதியாக வெட்டுக்கிளி வரிசையை ஆராய்ந்து வெளியிட்டார். உலகெங்கிலுமிருந்து வந்த மாதிரிகளை ஒப்பிட்டு, எந்த உறுப்பை முதன்மையாகக் கொண்டு பிரிப்பது என்பதை ஒழுங்குபடுத்திய நூல் அது. நம் வீட்டுத் தோட்டத்துக் கும்பிடுபூச்சியின் வரிசைப் பெயரான 'மாண்டோடியா', 'பர்மைஸ்டர், 1838' என்ற குறிப்புடனேயே இன்றும் எழுதப்படுகிறது. அவர் விவரித்த மாதிரிகள் பல, பல்கலைக்கழகத்தின் இயற்கை அறிவியல் சேகரிப்பில் இன்றும் ஊசியில் குத்தியபடி இருக்கின்றன.

பர்மைஸ்டர் ஒதுங்கியிருந்த அறிஞர் அல்லர். 1848 புரட்சியை ஒட்டிய ஆண்டுகளில் இடதுசாரி அணியில் நின்று பிரஷ்ய நாடாளுமன்றத்தில் அமர்ந்தவர். நாட்டின் அரசியல் அவருக்குக் கசந்துபோனது. 1861இல் அர்ஜென்டினாவுக்குப் புலம்பெயர்ந்து, பியூனஸ் அயர்ஸ் அருங்காட்சியகத்தை வளர்த்தெடுத்தார். 1892இல், 85 வயதில், அதே அருங்காட்சியகத்தில் ஏணியிலிருந்து விழுந்ததில் ஏற்பட்ட காயத்தால் இறந்தார்.

ஊசியில் குத்திய அந்தப் பூச்சிகளுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? ஓர் இனத்துக்குப் பெயரிடும்போது, அப்பெயர் ஒரு குறிப்பிட்ட உடலுடன் பிணைக்கப்படுகிறது. அதை மூலமாதிரி எனலாம். விவரணை எவ்வளவு விரிவாக இருந்தாலும் சொற்கள் நெகிழும். 'பழுப்பு நிறம்' என்றால் எந்தப் பழுப்பு? ஐயம் எழும்போது கடைசித் தீர்ப்பு மூலமாதிரியிடமே கேட்கப்படும். உருக்கப்பட்ட தங்கத்தை உரைத்துப் பார்க்க உரைகல் எப்படியோ, அப்படி.

உருவம் ஒன்று, இனம் மூன்று

ஆனால் உரைகல்லும் சில இடங்களில் கைவிரித்துவிடும். அதை அறிய ஹாலேயின் அருங்காட்சியகத்தைவிட்டு வெளியே வரவேண்டும்.

நகருக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவே சிறுசிறு பாறைக் குன்றுகள் எழுந்து நிற்கின்றன. பழங்கால எரிமலைப் பாறைகளான அவற்றின்மேல் மண் மிக மெல்லியது. மழையும் இப்பகுதியில் குறைவு. அதனால் அங்கே வளரும் குட்டைப்புல், வெயில் விரும்பும் பூச்சிகளுக்கு ஏற்றது. ஆகஸ்ட் மாத நண்பகலில் அங்கு நின்றால், காலடியில் தெறித்து ஓடும் பழுப்புநிற வெட்டுக்கிளிகளைக் காணலாம்.

அவற்றைக் கையில் பிடித்துப் பார்த்தால் ஒரே இனம் என்றுதான் எவரும் சொல்வார்கள். நிறமும் உதவாது, ஒரே இனத்திலேயே பச்சை, பழுப்பு, ஊதா கலந்தவை உண்டு. ஆனால் அவை ஒன்றல்ல. ஜெர்மனியில் மிகப் பரவலாகக் காணப்படும் மூன்று உடன்பிறப்பு இனங்கள் இப்படி ஓர் உருவத்துக்குள் ஒளிந்திருக்கின்றன.

கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு காதுக்குத் தெரிகிறது. முதலாவது இனத்தின் ஆண், ஒரு விநாடிக்கும் குறைவான சிறு கீச்சொலியை எழுப்பி, சற்று இடைவெளி விட்டு மீண்டும் எழுப்பும். அருகில் மற்றோர் ஆண் இருந்தால் இரண்டும் மாறிமாறி ஒலிக்கும். இரண்டாவது, இரண்டு மூன்று விநாடிகள் நீளும் உருண்டோடும் ஒலியை, மெல்லத் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தும். மூன்றாவது, கடிகாரம் ஓடுவதுபோல் 'டிக் டிக்' என்ற ஒலியுடன் பத்து, இருபது விநாடிகள்கூடத் தொடரும்.

இரண்டாவதற்கு ஜெர்மானியர் இட்ட பெயர் 'நைட்டிங்கேல் வெட்டுக்கிளி' என்று பொருள்படும். மூன்றாவதன் பெயர் இன்னும் சுவையானது: 'அடையாளம் காணப்படாத வெட்டுக்கிளி'. ஒரு பூச்சிக்குப் பெயராகவே இப்படி ஒரு மன்னிப்பைக் கேட்டுவைத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

இந்த ஒலி வேறுபாடு மனிதர் வசதிக்காக ஏற்பட்டதன்று. பெண்பூச்சி, தன் இனத்து ஆணின் தாளத்துக்கு மட்டுமே விடையளிக்கிறது. ஓட்டோ ஃபொன் ஹெல்வர்சன், டாக்மர் ஃபொன் ஹெல்வர்சன் தம்பதியர் 1975இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வுக்கூடத்தில் இரு இனங்களைக் கலந்து உருவாக்கிய கலப்பினத்தின் பாட்டு, பெற்றோர் இருவரின் பாட்டுக்கும் இடைப்பட்டதாக இருந்ததைக் காட்டினர். இனங்களைப் பிரித்து வைத்திருக்கும் வேலி, இங்கே உடலில் இல்லை, செவியில் இருக்கிறது.

மரபணுவைக் கொண்டு எல்லாவற்றையும் தீர்த்துவிடலாம் என்று நம்புவோருக்கும் இந்த மூன்று பூச்சிகள் ஒரு தடை. உயிரினங்களைக் கண்டறிய உலகெங்கும் பயன்படுத்தப்படும் குறுகிய மரபணுக் கோடு, இக்குழுவில் தெளிவாகப் பிரிவதில்லை. ஊசியில் குத்திய உடல் பாடுவதில்லை. எனவே வெட்டுக்கிளி ஆய்வாளர்கள் வலையோடு ஒலிப்பதிவுக் கருவியையும் வெப்பமானியையும் எடுத்துச் செல்கிறார்கள். வெயில் ஏறினால் பூச்சியின் தாளமும் விரைவுபடும். வெப்பநிலை குறிக்கப்படாத ஒலிப்பதிவுக்கு மதிப்புக் குறைவு.

இதில் ஒரு மனிதச் சிக்கலும் உண்டு. பச்சைக்குதிரை இனங்கள் பலவற்றின் ஒலி மிக உயர்ந்த அலைவரிசையில் அமைந்தது. வயது ஏற ஏற மனிதக் காது முதலில் இழப்பது அந்த அலைவரிசையைத்தான். ஐம்பதைக் கடந்த பூச்சியியலாளர், தாம் இளமையில் கேட்ட இனம் அழிந்துவிட்டதா, அல்லது தம் காதுதான் போய்விட்டதா என்று ஐயுற நேரிடும். அதனால் வௌவால்களின் ஒலியைக் கேட்கப் பயன்படும் கருவியை இதற்கும் பயன்படுத்துகிறார்கள்.

ஜெர்மனியில் வெட்டுக்கிளி வரிசையைச் சேர்ந்த இனங்கள் ஏறத்தாழ 80 மட்டுமே. அவற்றை இவ்வளவு நுணுகிக் கேட்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. எடுத்துக்காட்டாக, உட்கார்ந்திருக்கும்போது மண் நிறத்திலும், பறக்கும்போது நீல இறகுடனும் தோன்றும் ஒரு வெட்டுக்கிளி, ஜெர்மனியின் இனப்பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சிறப்புப் பாதுகாப்புப் பெற்றது. ஹாலேயைச் சுற்றிப் பழுப்பு நிலக்கரி வெட்டியெடுத்துக் கைவிடப்பட்டவை போன்ற வெற்று மணல்நிலங்கள் அதற்கு உகந்தவை. அது இருக்கிறதா இல்லையா என்ற விடையைப் பொறுத்து, ஓர் இடத்தில் கட்டடமோ சாலையோ அமைப்பதற்கான நிபந்தனைகள் மாறும்.

உருவம் இரண்டு, இனம் ஒன்று

இதற்கு நேர் எதிரான ஏமாற்று, படையெடுக்கும் வெட்டுக்கிளிகளில் இருக்கிறது.

தனித்துத் திரியும் சாதுவான பச்சை வெட்டுக்கிளி ஒன்றும், கூட்டமாகப் பறந்து நாடுகளை அழிக்கும் கருமை கலந்த வெட்டுக்கிளி ஒன்றும் வெவ்வேறு பெயர்களில் நெடுங்காலம் பட்டியலிடப்பட்டிருந்தன. நிறம், நடத்தை, உடலளவு ஆகிய அனைத்திலும் வேறுபட்டிருந்ததால் யாருக்கும் ஐயம் எழவில்லை. அவை இரண்டும் ஒரே இனத்தின் இரு நிலைகள் என்று 1921இல் அறிவித்தவர் போரிஸ் உவாரோவ். ரஷ்யப் பேரரசில் பிறந்து, புரட்சிக்குப் பிந்தைய ஆண்டுகளில் லண்டனுக்குக் குடிபெயர்ந்தவர்.

நெருக்கம் அதிகரிக்கும்போது அதே பூச்சியின் நிறமும் குணமும் மாறுகின்றன என்பது அவர் கோட்பாட்டின் சாரம். பாலைவன வெட்டுக்கிளிக்கும் இது பொருந்தும். மழைக்குப்பின் பாலையில் பசுமை தோன்றி, பூச்சிகள் பெருகி, பின் பசுமை சுருங்கும்போது அவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வாழ நேரிடுகிறது. அந்த நெருக்கமே தனியாளைக் கூட்டமாக்குகிறது.

கொள்கை வகுப்பவர்களுக்கு இதன் விளைவு மிகப்பெரிது. கூட்டத்தைத் தேடிச் சென்று அழிப்பதைவிட, கூட்டமாவதற்குமுன் தனித்திருக்கும் பூச்சியைக் கண்காணிப்பதே அறிவுடைமை என்றாயிற்று. இந்தியாவில் 1939இல் நிறுவப்பட்ட வெட்டுக்கிளி எச்சரிக்கை அமைப்பு, ராஜஸ்தான், குஜராத் பாலைநிலங்களில் ஆண்டு முழுவதும் செய்யவேண்டிய வேலை அதுதான். அமைதியான ஆண்டுகளில் அந்த வேலைக்குப் பணமும் ஆட்களும் ஒதுக்க எந்த அரசும் உற்சாகம் காட்டுவதில்லை.

தமிழகம் பாலைவன வெட்டுக்கிளியின் வழக்கமான பாதையில் இல்லை. ஆனால் நம் வயல்களுக்கு வேறு வெட்டுக்கிளிகள் இருக்கின்றன. நெற்பயிரைத் தின்னும் 'ஹைரோகிளிஃபஸ் பானியன்' அவற்றுள் ஒன்று. இதற்கும் 1798இல் பெயரிட்டவர் அதே ஃபாப்ரிசியஸ்தான். எருக்கு வெட்டுக்கிளியும் எருக்கு குறையும்போது தோட்டப் பயிர்களுக்கு மாறுவதுண்டு. எருக்கு நிறைந்திருக்கும் தரிசு நிலத்தில் அதன்மீது மருந்து தெளிப்பதில் யாருக்கும் பயனில்லை. அந்த மருந்தில் சிலந்தியும் கும்பிடுபூச்சியும் சேர்ந்து மடியும்.

மாதிரி யாரிடம்?

மீண்டும் தொடக்கக் கேள்விக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பூச்சி ஒன்றின் பெயரில் ஐயம் எழுந்தால், அதைத் தீர்க்கும் மூலமாதிரி பெரும்பாலும் ஐரோப்பாவில் இருக்கிறது. நூலகமும் அங்கே, சீட்டும் அங்கே. இந்திய வெட்டுக்கிளிகளைப் பற்றி டபிள்யூ. எஃப். கர்பி எழுதி 1914இல் வெளியான அடிப்படை நூலும் லண்டனில் இருந்துகொண்டு எழுதப்பட்டதே.

1916இல் இந்திய விலங்கியல் ஆய்வகம் அமைந்த பிறகு நிலைமை மெல்ல மாறியது. 2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டம், இந்தியாவில் புதிதாகக் கண்டறியப்படும் எந்த இனத்தின் மாதிரியும் அரசு அங்கீகரித்த காப்பகத்தில் ஒப்படைக்கப்படவேண்டும் என்று விதித்தது. கொண்டுசெல்லப்பட்ட வரலாற்றைக் கொண்ட ஒரு நாடு இவ்வாறு விதிப்பதில் நியாயம் இருக்கிறது.

அதே சட்டம், வெளிநாட்டு ஆய்வாளருடன் மாதிரிகளைப் பகிர்வதையும் அனுமதிகளின் நீண்ட வரிசையாக்கிவிட்டது என்ற குறையும் உண்டு. வெட்டுக்கிளிகளுக்கு எல்லைகள் தெரியாது. அவற்றைப் படிப்பவர்களுக்கு மட்டும் தெரிந்தாக வேண்டியிருக்கிறது. என் கருத்தில், பழைய மூலமாதிரிகள் எந்த நகரில் இருக்கின்றன என்பதைவிட, கிருஷ்ணகிரியிலோ கிளிநொச்சியிலோ உள்ள ஒரு வேளாண் அலுவலர் அவற்றின் துல்லியமான படத்தை அன்றே பார்க்க முடிகிறதா என்பதே முக்கியம். வெட்டுக்கிளி இனங்களுக்கான உலகளாவிய தரவுத்தளம் ஒன்றில் மூலமாதிரிகளின் படங்களும் ஒலிப்பதிவுகளும் இன்று யாரும் பார்க்கும்படி கிடைக்கின்றன. இலத்தீனும் ஆங்கிலமும் அறிந்தவர்களுக்கு அது திறந்த கதவு. தமிழில் அத்தகைய கையேடுகள் மிகக் குறைவு.

உடலை மட்டுமன்றி ஒலியையும் சேகரிக்கவேண்டும் என்ற பாடம், தென்னிந்திய, இலங்கைப் பூச்சிகளுக்கு முழுமையாகச் சென்று சேரவில்லை. பர்மைஸ்டரின் காலத்தில் பெயரிடப்பட்டு, அதன்பின் ஒருவரும் அமர்ந்து கேட்டிராத இனங்கள் இருக்கலாம்.

இதற்கிடையே, ஹாலேயிலும் காட்சி மாறிக்கொண்டிருக்கிறது. தெற்கின் வெப்பத்துக்குப் பழகிய சில பச்சைக்குதிரை இனங்கள் ஜெர்மனியில் வடக்கு நோக்கி நகர்ந்து வருகின்றன. பர்மைஸ்டர் வரிசைப்படுத்திய கும்பிடுபூச்சி, அவர் வாழ்ந்த சாக்சனி-அன்ஹால்ட் பகுதியிலேயே கடந்த சில பத்தாண்டுகளாகத் தென்படத் தொடங்கியிருக்கிறது. மறுபுறம், ஜெர்மனியின் இயற்கைக் காப்பிடங்களில் 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 75 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டதாக 2017இல் வெளியான ஆய்வு கூறியது. வருவது எது, போவது எது என்று கணக்கிட, முதலில் அவற்றை இனம் பிரித்தறியும் ஆட்கள் வேண்டும். ஜெர்மனியில் அவர்களில் பெரும்பாலோர் ஊதியம் பெறாத ஆர்வலர்கள். ஆசிரியர், தபால் ஊழியர், ஓய்வுபெற்றவர்.

நீங்கள் வாழும் இடத்தில், அது டொரொண்டோவாக இருந்தாலும் தஞ்சாவூராக இருந்தாலும், ஒரு வெட்டுக்கிளியை அடையாளம் காண விரும்பினால், முதுகுப்புறத்திலிருந்து எடுத்த ஒரே படம் போதாது. பக்கவாட்டில் ஒரு படம், உணர்கொம்பு முழுதாகத் தெரியும்படி ஒரு படம், இயன்றால் பின்னிறகு விரிந்த நிலையில் ஒரு படம். எந்தச் செடியில் இருந்தது என்பதையும், தேதியையும், ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள். அது பாடினால், கைபேசியை அருகில் வைத்து ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். அன்றைய வெப்பநிலையையும் எழுதி வையுங்கள்.